ராத்திரியிலும் இறங்காத வெயில்

பல்லடத்தைத் தாண்டித் தாராபுரம் போகும் சாலையில் பஸ் ஜன்னலை முழுதாகத் திறந்து வைத்திருந்தேன். இரு பக்கமும் காற்றாலைகள். பாதி இறக்கைகள் சும்மா நின்றன. என்றாலும் முகத்தில் பட்ட காற்றுக்கு உயிர் இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் அது தளர்ந்தது. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் வண்டி நின்ற இருபது நிமிடத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஜன்னல் வழியே வந்ததைக் காற்று என்று சொல்ல மாட்டேன். செங்கல் சூளைப் பக்கமாக நடந்துபோனால் ஒரு கன்னத்தில் மட்டும் படுமே, அந்த அனல்தான் மதுரை வரைக்கும் கூடவே வந்தது.

ஆரப்பாளையத்தில் இறங்கும்போது மாலை ஆறரை. வெயில் மறைந்திருந்தது, வெக்கை மறையவில்லை. ஆட்டோவின் இருக்கை சுட்டது. "கத்திரி முடிய இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறதும்மா" என்றார் ஓட்டுநர், நான் எதுவும் கேட்காமலேயே.

மே 4 தொடங்கி 28 வரைக்கும் கத்திரி. இந்த முறை அதற்குள்ளேயே அழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாளும் வந்தது. அதைப் பார்க்க ஒவ்வோர் ஆண்டும் போல இந்த ஆண்டும் முனிச்சாலையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தேன். மூன்று வருடம் சென்னைத் திருவல்லிக்கேணி, எட்டு வருடமாகக் கோயம்புத்தூர் என்று ஆகிவிட்டாலும் நான் மதுரைக்காரி. வெளியூர்க்காரர்கள் இந்த ஊர் வெயிலைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். இந்த முறை நானே குறை சொல்லப் போகிறேன்.

பகல் வெயிலைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. அது இந்த நிலத்தின் பிறவிக் குணம். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் கையோடு நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடேறி, இருக்கிற ஈரத்தையும் இழக்கிறது. ஆனி, ஆடியில் மற்ற ஊர்களுக்குச் சாரல் என்றால் நமக்குப் புழுதி. கிழக்கே கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் காற்று இங்கே வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் நம்முடைய மழை. ஆவணி, புரட்டாசியில்கூட 38, 39 டிகிரி என்று காய்வதற்கும் இதுதான் காரணம். இதையெல்லாம் யாராலும் மாற்ற முடியாது.

என் புகார் இரவைப் பற்றியது.

வந்த முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு மொட்டை மாடிக்குப் போனேன். வெறுங்காலை வைத்தவுடன் எடுத்துவிட்டேன். சூரியன் மறைந்து நாலரை மணி நேரம் ஆகியும் தளம் சுட்டது. ஆறு மணிக்கே அம்மா நாலு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தாள். ஈரத்தின் சுவடுகூட இல்லை. என் சிறு வயதில் இதே இடத்தில் தட்டோடு பதித்த, சுண்ணாம்புச் சாந்து போட்ட பழைய தளம் இருந்தது. இரண்டு வாளி ஊற்றினால் உஸ்ஸென்று ஆவி எழும்பும். எட்டரை மணிக்குக் கோரைப்பாய் விரிக்கலாம். பாட்டி பனை விசிறியோடு நடுவில் படுத்திருப்பாள். நாங்கள் ஆறு பிள்ளைகள் சுற்றிலும். ஒரு மணிக்கு மேல் குளிர்ந்துவிட்டது என்று போர்வை தேடிய இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

இப்போது நாலு பக்கமும் எங்களைவிட உயரமான கான்கிரீட் வீடுகள். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி எங்கள் மாடியைப் பார்த்தபடி இருக்கிறது. அவர்கள் அறையில் இருந்த சூட்டை அது எங்கள் மாடியில் கொண்டுவந்து கொட்டுகிறது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடு. அவர்கள் ஏசி போட, நாங்கள் ஜன்னலைச் சாத்த, புழுக்கம் தாங்காமல் நாங்களும் ஏசி வாங்க, சந்து முழுக்க இப்படியே போய்க்கொண்டிருக்கிறது. பகலெல்லாம் கான்கிரீட்டும் தாரும் குடித்த வெயிலை இரவில் உமிழ்கின்றன. அந்தச் சூடு மேலே போக வேண்டுமானால் திறந்த வானம் வேண்டும். எங்கள் சந்தில் வானம் ஒரு முழ அகலத்துக்குத்தான் தெரிகிறது.

சென்னையில் இருந்தபோது அந்த ஊரை நான் திட்டாத நாள் இல்லை. 2003 மே 31 அன்று அங்கே 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஆனால் திருவல்லிக்கேணியில் ஒன்று நடக்கும். பகல் பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் வெளிப்பக்கம் பறந்துகொண்டிருந்த ஜன்னல் திரை ஒரு கணம் அசையாமல் நிற்கும். பிறகு உள்பக்கம் திரும்பும். "கடல் காற்று வந்துவிட்டது" என்று கீழ் வீட்டு மாமி கதவைத் திறந்து வைப்பார். அது தாமதிக்கும் நாட்களில்தான் அந்த ஊர் கொதிக்கும். மற்றபடி சென்னையின் தொல்லை வேறு: வியர்வை காயாது, துவைத்த துணி காயாது, மண்பானைத் தண்ணீர் பேருக்குத்தான் குளிரும். பானைத் தண்ணீர் குளிர வேண்டுமானால் சுவரில் கசியும் நீர் ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது எப்படி நடக்கும்? அம்மா வீட்டுப் பானையில் வெட்டிவேர் போட்ட தண்ணீர் நடுப்பகலிலும் பல் கூசும். வறண்ட வெயிலின் கொடை அது. இந்த ஒரு விஷயத்தில் மதுரையை எந்த ஊரும் வெல்ல முடியாது.

கோயம்புத்தூரின் கதை வேறு. 400 மீட்டர் உயரத்தில் இருப்பதும் உதவுகிறது. அதைவிட, மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் உதவுகிறது. பகல் 38 டிகிரி என்றாலும் மாலையில் அந்த வாசல் வழியே காற்று வரும். இரவு பத்து மணிக்குத் துணி எடுக்க மாடிக்குப் போனால் வெறுங்காலில் நிற்கலாம். இந்த ஒன்றுக்காக நான் அந்த ஊரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

மூன்றாம் நாள் அண்ணன் குடும்பம் கொடைக்கானல் போகலாம் என்றது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காது அடைத்தது. பண்ணைக்காடு பிரிவில் ஜன்னல் காற்று மாறியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. மதுரை ஏறத்தாழ 100 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். நூற்றிருபது கிலோமீட்டர் பயணத்தில் 13 டிகிரி. 1845-இல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி ஏறிப்போய் அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊரை உண்டாக்கியதே மதுரை வெயில்தான். 2024 மே மாதத்திலிருந்து அங்கே போக இ-பாஸ் எடுக்க வேண்டும், எடுத்துத்தான் போனோம். இருந்தும் வெள்ளி அருவிக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். ஏரியைச் சுற்றி ஒரு நடை, சோளம் ஒன்று, திரும்பிவிட்டோம். இறங்கி வரும்போது குளிர் உடம்பை விட்டு வளைவுக்கு வளைவு கழன்று போனதுதான் மனதில் நிற்கிறது. தப்பி ஓடுவது எல்லாருக்கும் முடியாது. பிளாட்பாரத்தில் பூக்கட்டும் பெண்ணுக்கு எந்த மலை இருக்கிறது?

அழகர் இறங்கிய அன்று விடியற்காலை மூன்று மணிக்கே ஆற்றங்கரையில் இருந்தோம். வைகை அணையிலிருந்து திருவிழாவுக்காகத் திறந்துவிட்ட தண்ணீர் முழங்காலுக்குக் கீழே ஓடியது. கூட்டத்தின் சூடு ஒரு பக்கம், அந்தத் தண்ணீரின் மேல் தவழ்ந்து வந்த சிலுசிலுப்பு ஒரு பக்கம். தோல் பையில் நீர் நிரப்பிய பக்தர்கள் அழகர் மேல் பீய்ச்சினார்கள். எங்கள் மேலும் தெறித்தது. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாண விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்தார் என்று சொல்வார்கள். உச்சக் கோடையில் ஓர் ஊரே சாமிக்குத் தண்ணீர் பீய்ச்சுவதும், தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல் போட்டு வழிப்போக்கரை நிறுத்தி நிறுத்திக் குடிக்க வைப்பதும், பானகம் கரைப்பதும் இந்த வெயிலோடு வாழக் கற்ற மக்கள் செய்யும் வேலைகள். எங்கள் தெருப் பந்தலில் ஒரு தாத்தா, "இன்னொரு டம்ளர் குடி தாயி, வெயில் ஏறப்போகிறது" என்று கையில் திணித்தார். மணி ஏழுகூட ஆகவில்லை.

மறுநாள் காலை கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். ஆறு மணிக்குப் படியேறும்போதே பாறையில் முந்தின நாளின் சூடு மிச்சம் இருந்தது. யானைமலை, நாகமலை, திருப்பரங்குன்றம் என்று மதுரையைச் சுற்றி இருப்பதெல்லாம் மொட்டைப் பாறைகள். பகலில் வாங்கிய வெயிலை மெல்ல மெல்லத்தான் விடும். ஆனால் பேச்சிப்பள்ளத்துக்கு வந்து, வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு அருகே சுனைப் பக்கமாக உட்கார்ந்தபோது உடம்பு அடங்கியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கே தவம் இருந்தவர்கள் நிழலையும் நீரையும் சேர்த்துத் தேடியிருக்கிறார்கள். கீழே அடிவாரத்தில் ஆலமரம், அதன் பக்கத்தில் தாமரைக் குளம். மேலிருந்து பார்த்தால் கண்மாய்கள் வெயிலில் பளபளத்தன. நகரம் இருக்கும் பக்கம் திரும்பினால் சாம்பல் நிறம் ஒன்றே தெரிந்தது.

அந்தச் சாம்பலுக்குள் தல்லாகுளம் இருக்கிறது. பீபிகுளம் இருக்கிறது. பஸ்ஸின் பெயர்ப் பலகையில் இன்னும் குளம். இறங்கிப் பார்த்தால் கடைகளும் வீடுகளும். கடம்ப மரக் காடாக இருந்ததால் கடம்பவனம் என்று பெயர் பெற்ற ஊர் இது. கடலும் இல்லாத, கணவாயும் இல்லாத இந்த ஊருக்கு முன்னோர்கள் வைத்த மாற்று ஏற்பாடு கண்மாயும் குளமும் மரமும். தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டைக் குடிக்கும். மண்பானையில் நடப்பது ஊர் அளவில் நடக்கும். கண்மாயைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியவர்கள், சாலையை அகலப்படுத்த வேம்பையும் புளியையும் வெட்டியவர்கள், எங்கள் இரவைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இதை நான் ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின மாலை அம்மாவை அழைத்துக்கொண்டு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு நடந்தேன். வழியில் ஒரு அக்காவிடம் மல்லிகை வாங்கினோம். மொட்டு ஒவ்வொன்றும் கல்லைப் போல இறுகி இருந்தது. "இந்த வெயிலுக்குத்தான் இப்படிப் பூக்கும். மார்கழிப் பனியில் வந்து கேளுங்கள், கிலோ விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவீர்கள்" என்றார். உண்மைதான். பனிக்காலத்தில் செடி ஒடுங்கிப் பூ வரத்து குறைந்து விலை ஆயிரக்கணக்கில் ஏறும். மதுரை மல்லிக்கு வெயில் வேண்டும். அதனால்தான் பகலோடு எனக்குச் சண்டையில்லை என்றேன்.

1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. நான் பள்ளியில் படித்தபோது அதற்குள் தண்ணீர் இருந்ததாகவே நினைவில்லை. தெப்பத் திருவிழா போக மற்ற நாளெல்லாம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். என் தம்பி அதன் தரையில் விழுந்துதான் முன்பல்லை உடைத்துக்கொண்டான். இப்போது வைகையிலிருந்து வரும் கால்வாயைச் சரிசெய்து தண்ணீர் விட்டிருக்கிறார்கள். நடுவில் மைய மண்டபம், அதைச் சுற்றி நீர் அலைந்துகொண்டிருந்தது.

ஏழரை மணிக்குக் கற்சுவரில் உட்கார இடம் இல்லை. கைக்குழந்தைகள், பட்டாணி சுண்டல், வேட்டியை மடித்துக் கட்டிய தாத்தாக்கள், கல்லூரிப் பிள்ளைகள். மேற்கே முனிச்சாலையில் இலை அசையவில்லை. இங்கே தண்ணீரின் மேலாக வந்த காற்று அம்மாவின் முந்தானையைத் தூக்கியது. குளிர் என்று சொல்ல முடியாது. ஆனால் கழுத்து வியர்வை உலர்ந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கியே போயிருந்தாள். பேத்தி அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காவல் இருந்தது.

எட்டரை மணிக்கு, "காலையில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கிளம்பலாம் அம்மா" என்றேன்.

"போய் அந்த வீட்டில் என்ன செய்யப் போகிறோம்? கொஞ்ச நேரம் இரு" என்றாள்.

பத்து மணி அடித்தபோதும் நாங்கள் அங்கேதான் இருந்தோம். சுற்றிலும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.