நண்பன்தான் என்பதற்கு என்ன சாட்சி?

மன்னார்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் 2024 ஆடி மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "நவம்பரில் அங்கே வரட்டுமா?" என்று கேட்டான். நான் ஜப்பானுக்கு வந்த இத்தனை ஆண்டுகளில் மாதத்தைச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். மற்றவர்கள் எல்லாம் "ஒருநாள் வந்துவிட வேண்டியதுதான்" என்பதோடு சரி.

சுற்றுலா விசாவே போதுமே என்று என் அலுவலகத்தில் சொன்னார்கள். அதற்கு அவன் தன் வரவு செலவைக் காட்ட வேண்டும். அவனுக்கோ வங்கியில் நிற்கும் பணத்தைவிட ஊரில் கடனாக நிற்கும் பணம் அதிகம். அதனால் நானே அழைப்பாளராகவும் உத்தரவாதம் தருபவனாகவும் இருந்து, நண்பரைப் பார்க்க வருவதற்கான குறுகிய கால விசாவுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம். மறுத்துவிட்டால் காரணம் சொல்ல மாட்டார்கள். அதே நோக்கத்துக்கு ஆறு மாதம் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. ஆகவே முதல் தடவையே சரியாகச் செய்தாக வேண்டும்.

என் பக்கத்திலிருந்து போக வேண்டியவை: அழைப்புக்கான காரணக் கடிதம், நாள்வாரியான பயண அட்டவணை, உத்தரவாதக் கடிதம், வேலைச் சான்று, ஜூமின்ஹியோ என்னும் குடியிருப்புச் சான்று, வருமானத்தைக் காட்டும் வரிச் சான்று. குடியிருப்புச் சான்றை டோக்கியோவில் எங்கள் எதோகவா வார்டு அலுவலகத்தில் 300 யென் கட்டிப் பத்து நிமிடத்தில் வாங்கிவிட்டேன். அதில் மை நம்பர் என்னும் அரசு அடையாள எண் இருக்கக் கூடாது, மற்ற விவரங்கள் எல்லாம் இருக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வரிச் சான்றில்தான் மாட்டிக்கொண்டேன். ஜனவரி 1 அன்று எந்த ஊரில் குடியிருந்தோமோ அந்த ஊர்தான் அதைத் தரும். நான் இந்த வார்டிலுள்ள நிஷி-கசாய்க்கு வீடு மாறியது பிப்ரவரியில். அதற்கு முன் யோகோஹாமா. நேரில் போக விடுப்பு இல்லாததால் தபாலில் கேட்டேன். கட்டணத்தைத் தபால் நிலையத்தில் கோகவாசே என்ற சிறு பணச் சீட்டாக வாங்கி, தபால்தலை ஒட்டிய திரும்பு உறையோடு அனுப்ப வேண்டும். 300 யென் சீட்டு வாங்க 200 யென் கமிஷன். புல்லட் ரயில் ஓடும் நாட்டில் உறைக்குள் உறை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் சான்று வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

பணத்துக்கான காகிதங்கள் இப்படி ஒருவழியாக முடிந்தன. அடுத்து நட்புக்கான காகிதம். விண்ணப்பதாரரும் அழைப்பவரும் அறிமுகமானவர்கள் என்பதற்குப் புகைப்படம், கடிதம், மின்னஞ்சல், தொலைபேசிக் கட்டண விவரம் என்று ஏதாவது வைக்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேலான பழக்கம்தான். ஆனால் தேடிப் பார்த்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. வாட்ஸ்அப்பைத் திறந்தால் அவன் அனுப்பிய காலை வணக்க ரோஜாப் பூக்களும் நான் எடுக்காமல் விட்ட அழைப்புகளும்தான் வரிசையாக இருந்தன.

அக்காவிடம் சொல்லி ஊர் வீட்டு மரப்பெட்டியைக் கிளறச் சொன்னேன். இரண்டு பொருள்கள் கிடைத்தன. ஒன்று, 1996இல் எடுத்த பத்தாம் வகுப்புக் குழுப் படம். கடைசி வரிசையில் அவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு மூன்று ஆள் தள்ளி நான். கீழே அச்சிட்டிருந்த பெயரில் தலைப்பெழுத்து மட்டும். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்கி ஒரு பத்தி எழுதினேன். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை இந்த நாட்டில் எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று, 2002இல் நான் வேலை தேடித் திருவல்லிக்கேணி மேன்ஷனில் கிடந்தபோது அவன் போட்ட இன்லண்டு கடிதம். மடிப்பு ஓரத்தில் கிழிந்து ஒரு வரி போயிருந்தது. மேலட்டையில் என் மேன்ஷன் முகவரி, பின்பக்கம் அவன் முகவரி, தபால் முத்திரை. இதைவிடச் சாட்சி வேண்டுமா? தமிழ் படிக்கத் தெரியாத அதிகாரிக்காக ஆங்கிலத்தில் ஒரு வரிச் சுருக்கம் இணைத்தேன்: "நலம் விசாரித்தும் சொந்த விஷயங்கள் பற்றியும் எழுதிய கடிதம்."

உத்தரவாதக் கடிதத்தில் மூன்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும்: தங்கும் செலவு, திரும்பிப் போகும் செலவு, வந்தவர் சட்டத்தை மதித்து நடப்பது. வாசித்துக் காட்டினேன். "மூன்றாவதுக்கு நீ பொறுப்பா? எட்டாம் வகுப்பில் என்னைக் காட்டிக்கொடுத்தவனே நீதானே!" என்றான்.

அட்டவணை பன்னிரண்டு நாளுக்கு. ஒவ்வொரு நாளும் எங்கே போவோம், எங்கே தங்குவோம் என்று எழுத வேண்டும். அசகுசா, உயேனோ, காமகுரா, நிக்கோ என்று நிரப்பிக்கொண்டே வந்து, எட்டாம் நாளில் சரக்கு தீர்ந்துபோய், "வீட்டில் ஓய்வு" என்று எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் ஈ.எம்.எஸ். என்னும் வெளிநாட்டு விரைவுத் தபாலில் அவனுக்கு அனுப்பினேன். செப்டம்பரில் சென்னை விண்ணப்ப மையத்துக்குப் போனவனைப் புகைப்பட அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பி, பக்கத்து ஸ்டூடியோவில் வேறு எடுத்து வரச் சொன்னார்கள். வேறு தொல்லை இல்லை. விசா கிடைத்தது.

கறிவேப்பிலை கொண்டு வராதே, தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள் என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். முறுக்கும் ஊறுகாயும் பன்னிரண்டு நாளுக்கான சர்க்கரை மாத்திரையுமாகச் சிங்கப்பூர் வழியே நரிதா விமான நிலையத்தில் வந்து இறங்கினான். சட்டைப் பையில் நான்காக மடித்த அட்டவணை.

அதுதான் நான் எதிர்பார்க்காதது. விசா கிடைத்ததும் நான் மறந்துபோன காகிதத்தை அவன் தினமும் காலையில் பிரித்துப் படித்தான். காமகுரா போக வேண்டிய நாளில் கொட்டும் மழை. நாளைக்குப் போகலாம் என்றேன். "அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாய். மாற்றினால் கேட்க மாட்டார்களா?" என்றான். இரண்டு குடையோடு போனோம். பெரிய புத்தர் சிலைக்குள் நுழைய 50 யென். எல்லோரும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வெளியேறும் அந்த இருட்டில், வெண்கல வார்ப்பை அடுக்கடுக்காக இணைத்த தையல்களைக் கைப்பேசி வெளிச்சத்தில் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். அட்டவணையில் இல்லாமல் அவன் சம்மதித்துப் போன ஒரே இடம் எங்கள் வீட்டருகே உள்ள இரும்புச் சாமான் அங்காடி. ஆணிகளையும் போல்ட்டுகளையும் உள்ளங்கையில் எடை பார்த்தபடி இரண்டு மணி நேரம்.

எட்டாம் நாள் விடுப்பு எடுத்தேன். உத்தரவுப்படி இருவரும் ஓய்வெடுத்தோம். காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அக்கா அவன் கையில் கொடுத்தனுப்பிய அசல் இன்லண்டு கடிதத்தையும் என் ஆங்கிலச் சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தான்.

"நலம் விசாரித்தா எழுதியிருக்கிறேன்? வாங்கிய 500 ரூபாயை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்றல்லவா கேட்டிருக்கிறேன்!"

"அதைத்தான் சொந்த விஷயம் என்று போட்டேன்."

"தூதரகத்திலேயே பதிவாகிவிட்டது. இனி நீ மறுக்க முடியாது."

ஆயிரம் யென் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு அங்கிருந்த அட்டவணையை எடுத்துப் பிரித்து, என் பேனாவை வாங்கி, எட்டாம் நாளின் கட்டத்தில் "வீட்டில் ஓய்வு" என்பதற்குக் கீழே "கடன் வசூல்" என்று தமிழில் எழுதினான்.