கறுப்புப் பட்டை இடம் மாறிய கதை

அப்பாவுக்கும் டிவியில் வரும் கறுப்புப் பட்டைக்கும் உள்ள பகை ஊரறிந்தது. எந்தப் படம் போட்டாலும் முதல் பத்து நிமிஷம் கதை ஓடாது, விசாரணைக் கமிஷன்தான் ஓடும். "மேலயும் கீழயும் ஏன்டா மூடி வச்சிருக்கான்? பாதிப் படத்தை அமுக்கிட்டானா?" யாரும் அமுக்கலைப்பா, படம் எடுத்ததே அந்த அகலத்துக்கு, உயரம் 1-னா அகலம் 2.39. நம்ம டிவி அகலம் 16, உயரம் 9, கணக்குப் போட்டா 1.78-தான் வரும். அகலத்தைப் பொருத்தினா உயரத்துல மிச்சம் விழத்தான் செய்யும். 55 அங்குல டிவியில் மேலே மூன்றரை அங்குலம், கீழே மூன்றரை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஏழு அங்குலத்துக்கான காசைத் திருப்பித் தருவானா?" என்பார்.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான், வீடு மாற்றிக்கொண்டிருந்த நண்பன் "21:9 டிவி ஒண்ணு இருக்கு, எடுத்துக்கிறியா?" என்றதும் யோசிக்காமல் தலையாட்டினேன். 2009-ல் கடைக்கு வந்து, நாலைந்து வருஷத்தில் கம்பெனிகள் கைகழுவிய வடிவம். அவன் ஏன் அவ்வளவு சந்தோஷமாகக் கொடுத்தான் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். மூலைக்கு மூலை 56 அங்குலம். ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தபோது டிவி மாதிரியே இல்லை, யாரோ கதவைக் கழற்றிக் கொண்டுவந்த மாதிரி இருந்தது.

முதல் நாள் ராத்திரி. விளக்கை அணைத்து, அகலத்திரைப் படம் ஒன்றைப் போட்டேன். நாலு பக்கமும் கறுப்பு! படத்தோடு பட்டையையும் சேர்த்துத்தான் 16:9 சட்டத்துக்குள் அடைத்து அனுப்புகிறார்களாம். அந்தச் சட்டம் நம் நீளத் திரையின் நடுவில் உட்கார, இடமும் வலமும் புதுசாக ரெண்டு பட்டை. படம் சட்டம் போட்டு மாட்டிய போட்டோவாகிவிட்டது, மாலை ஒண்ணுதான் குறைச்சல். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ரிமோட்டில் ஆறு பட்டன் அமுக்கி ஜூம் வைத்ததும், அடடா! சொல்லியே ஆக வேண்டும், அந்த முதல் காட்சிக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. கோடியிலிருந்து கோடிவரை பாலைவனம், ஓரத்தில் எறும்பாக ஒரு குதிரை. டிவி என்ற பெட்டியே மறைந்துவிட்டது. 1080 வரியில் 800 வரிதான் நிஜப் படம், அதை இழுத்து நிரப்புகிறது இந்த டிவி என்பதெல்லாம் தெரிந்துமே எனக்குப் புல்லரித்தது. அப்பா பதினோரு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பன்னிரண்டாவது நிமிஷம் வில்லன் வேற்றுமொழியில் மிரட்ட ஆரம்பித்தான். சப்டைட்டிலைக் காணோம். அது கீழ்ப் பட்டையில் குடியிருந்திருக்கிறது. பட்டையை வெட்டினேன் இல்லையா, அதுவும் சேர்ந்து போய்விட்டது. எழுத்துகளின் தலை மட்டும் திரையின் அடியில் நீச்சல் தெரியாதவன் மாதிரி எட்டி எட்டிப் பார்த்தது. ஜூமை எடுத்தால் எழுத்து வரும், படம் மறுபடியும் போட்டோவாகும். வில்லன் பேசும்போதெல்லாம் நான் ஆறு பட்டன் அமுக்கினேன். அவனோ வாயாடி.

மறுநாள் காலை செய்தி. "டேய், கறுப்பு இப்ப பக்கவாட்டுக்கு வந்துடுச்சு!" என்று ஹாலிலிருந்து குரல். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த உற்சாகம் அதில். வீட்டில் ஓடுவதில் முக்கால்வாசி 16:9-தானே, சீரியல், செய்தி, மேட்ச் எல்லாம். 56 அங்குல டிவியில் அவை 44 அங்குலமாகச் சுருங்கி நடுவில் உட்காரும். இழுத்து நிரப்பும் வசதியும் இருக்கிறது, வைத்தேன். நடுவில் அதிகம் இழுக்காமல், ஓரத்துக்குப் போகப் போகக் கூடுதலாக இழுக்கும் புத்திசாலி ஏற்பாடு. சீரியல் மருமகள் நடுவில் ஒல்லியாக நின்று அழுதாள். கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் பத்து கிலோ ஏறிவிட்டாள். அம்மா, "கோபத்துல உடம்பு வைக்கும்னு சொன்னா யாரு கேக்கறீங்க?" என்றாள்.

இத்தனைக்கும் மூலகாரணமே டிவிதான். ஐம்பதுகளில் அமெரிக்காவில் ஜனங்கள் வீட்டில் சதுர டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், தியேட்டர் காலி. அவர்களைத் திரும்ப இழுக்க 1953-ல் சினிமாஸ்கோப் என்று திரையை அகலமாக்கினார்கள். வீட்டு டிவியில் அடங்கக் கூடாது என்பதே நோக்கம். பிறகு எல்லா வடிவத்துக்கும் நடுவே சமரசமாக 16:9 வந்தது. யாருக்கும் முழுசாகப் பொருந்தாது, யாருக்கும் பெரிய நஷ்டமும் இல்லை. கல்யாண வீட்டில் எல்லாருக்கும் நல்லவராக இருக்கும் பெரியப்பா மாதிரி.

நேற்று மச்சான் வந்தான். சும்மா வந்திருக்கலாம். "அத்தான், எங்க வீட்டு 65-ல படம் இதைவிடப் பெருசாத் தெரியுமே?" என்றான். சாதா டிவி, பட்டையோட ஓடும் படம், எப்படிடா பெருசாகும் என்று சிரித்தேன். அம்மாவின் தையல் டேப்பை எடுத்துவரச் சொன்னான். என் திரை அகலம் ஐம்பத்தொன்றரை அங்குலம். வீட்டுக்குப் போன் போட்டு அவன் டிவியையும் அளக்கச் சொன்னான். ஐம்பத்தாறரை. பட்டையெல்லாம் போக, மிச்சப் படமே என்னுடையதைவிட அஞ்சு அங்குலம் அகலம்! உயரத்தையும் அளக்கலாமா என்று கேட்டான். டேப்பைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன். இவன் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அவள் சமையலறைக்குள் போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். நண்பன் போனை எடுக்கவில்லை. புரிகிறது.

மச்சான் போன பிறகு ஏதோ சேனலில் பழைய கறுப்பு வெள்ளைப் படம். 4:3, கிட்டத்தட்ட சதுரம். நம் திரையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே படம், மீதி இந்தப் பக்கம் பதினோரு அங்குலம், அந்தப் பக்கம் பதினோரு அங்குலம் கறுப்பு. ஏழு அங்குலத்துக்கே கணக்குக் கேட்ட மனிதர், இன்றைக்கு வீடு ரெண்டுபடும் என்று ரிமோட்டோடு தயாராக இருந்தேன். சத்தமே இல்லை. படத்தைப் பார்க்கிறாரா என்றால் அதுவும் இல்லை. வலது பக்கப் பட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நானும் பார்த்தேன். பளபளப்பான கண்ணாடித் திரை இல்லையா, கறுப்பில் ஹால் முழுக்கத் தெரிகிறது. இடது பட்டையில் நான், பின்னால் கழற்றிப் போட்ட சட்டை. வலது பட்டையில் சோபாவின் மூலையில் அம்மா, மூக்குக்கண்ணாடியோடு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி. டைட்டில் முடிவதற்குள் தூங்கிவிடுவது அவள் வழக்கம்.

"இழுத்து நிரப்பட்டுமாப்பா?" என்றேன்.

"அதைத் தொடாதே" என்றார் அப்பா. "சத்தத்தை மட்டும் குறை."