கையிலும் கணுக்காலிலும் பிரஷர்: எண் எங்கே ஏமாற்றும்?

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்று ஒருவர் சொன்னால், முதுகுக்கும் முட்டிக்கும் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் அவருடைய கணுக்காலில் பிரஷர் பாருங்கள். படுத்திருக்கும்போது கணுக்காலின் சிஸ்டாலிக் பிரஷர் (பிரஷரின் மேல் எண்) கையில் இருக்கும் அளவோ, சற்றுக் கூடுதலாகவோ இருப்பதுதான் இயல்பு. மேலே எங்காவது தமனி அடைத்திருந்தால் அது இறங்கிவிடும். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் வருவது ஏபிஐ, அதாவது கணுக்கால்-கை விகிதம்.

கணக்கு எளிது. எண்ணைக் கெடுப்பது அவசரம்தான். நடந்து வந்தவரை உடனே அளக்காதீர்கள். 5 முதல் 10 நிமிடம் மல்லாந்து படுத்திருக்கட்டும். உட்கார வைத்து அளந்தால் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடையே உள்ள ரத்தத்தின் எடையும் சேர்ந்துகொள்ளும், அடைப்புள்ள காலும் நல்ல கால்போலத் தெரியும். காற்று ஏற்றும் பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். சிறிய பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். அதன் கீழ் விளிம்பு உட்புறக் கணுக்கால் எலும்புக்கு 2 செ.மீ. மேலே நிற்கட்டும்.

ஸ்டெதாஸ்கோப் இங்கே உதவாது. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும், கையில் பிடிக்கும் 8 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர் கருவி வேண்டும். வீட்டில் இருக்கும் தானியங்கி பிரஷர் மெஷினைக் காலில் கட்டிப் பார்ப்பதை நான் ஏற்பதில்லை. பிரஷர் மிகவும் தாழ்ந்த காலில்தான் அது அதிகம் தவறும், நமக்குத் துல்லியம் தேவைப்படுவதும் அந்தக் காலில்தான். ஜெல்லைத் தாராளமாக வைத்து, டாப்ளரின் முனையைத் தோலுக்கு 45 முதல் 60 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். அழுத்திப் பிடித்தால் புறங்காலில் ஓடும் தமனி எலும்போடு நசுங்கிச் சத்தமே நின்றுவிடும். சத்தம் மறைந்த அளவுக்கு மேல் இன்னும் 20 ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. வீதம் காற்றை இறக்குங்கள். சத்தம் திரும்பி வரும் இடமே அளவு. இரண்டு கைகளிலும், ஒவ்வொரு காலிலும் புறங்காலில் ஒன்று, உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒன்று என்று மொத்தம் ஆறு அளவுகள். புறங்கால் தமனி சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அங்கே சத்தம் இல்லை என்பதால் மட்டும் அடைப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

வலக்கை 138, இடக்கை 146 என்று வையுங்கள். இரு கால்களுக்கும் வகுக்க வேண்டியது 146ஆல்தான். வலக்காலில் 104, 112 வந்தால் பெரியதை எடுங்கள்: 112 / 146 = 0.77. ஒரு கையை மட்டும் பார்த்து 138ஆல் வகுத்திருந்தால் 0.81 வந்திருக்கும். கைக்குப் போகும் தமனியிலும் அடைப்பு இருக்கலாம் என்பதால்தான் இரண்டையும் பார்க்கிறோம்.

1.00 முதல் 1.40 வரை இயல்பு. 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 0.90 அல்லது அதற்குக் கீழே அடைப்பு நோய். ஓய்வில் இயல்பாக இருந்தும் நடக்கும்போது வலி தெளிவாக இருந்தால், டிரெட்மில்லில் நடக்கவிட்டு உடனே மறுபடி அளக்க வேண்டும்.

1.40ஐத் தாண்டினால் ரத்த ஓட்டம் பிரமாதம் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். நெடுநாள் சர்க்கரை நோயிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் தமனிச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடும்; பட்டை எவ்வளவு இறுக்கினாலும் நசுங்காது. கையில் 140, கணுக்காலில் 220 என்று வரும். அடைப்பும் சுண்ணாம்பும் ஒரே காலில் இருந்தால் 1.05 போன்ற அழகான எண்கூட வரலாம். இதுதான் மிக ஆபத்தான ஏமாற்றம், ஆறாத புண்ணோடு வருபவரை இந்த ஒரு எண் திருப்பி அனுப்பிவிடும். டாப்ளர் சத்தத்தைக் காதால் கவனியுங்கள்: நல்ல தமனி ஒரு துடிப்பில் இரண்டு மூன்று தட்டாக வெட்டி ஒலிக்கும், அடைப்புக்குக் கீழே மந்தமாக ஒரே இழுப்பாக இழுக்கும். இப்படிப்பட்டவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அளக்க வேண்டும். விரல் தமனிகளில் இந்தச் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. அங்கே விரல் அளவைக் கை அளவால் வகுத்த விகிதம் 0.70க்குக் கீழே போனால் அடைப்பு. விரலின் பிரஷரே 30க்குக் கீழே என்றால் புண் தானாக ஆறுவது கடினம், ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அன்றே அனுப்புங்கள்.

காலில் ரத்தம் உறைந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் பட்டை கட்டவே வேண்டாம். நரம்புச் சுருட்டல் புண்ணுக்கு இறுக்கமான கட்டுப் போடுவதற்கு முன்பும் இந்தச் சோதனை கட்டாயம்: 0.5க்குக் கீழே உள்ள காலில் அந்தக் கட்டு மிச்சமிருக்கும் ஓட்டத்தையும் நிறுத்திவிடும்.