குளோரோபில்லில் குளோரின் இல்லை

நீட் மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி: குளோரோபில் மூலக்கூறின் நடுவில் இருக்கும் தனிமம் எது? யோசிக்காமல் குளோரின் என்று குறித்தேன். பேரிலேயே இருக்கிறதே! விடை மக்னீசியம். நாலு மார்க் போனதோடு மைனஸ் ஒன்றும் விழுந்தது. பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். 'பச்சையம்' என்று படித்தவரை எனக்கு இந்தக் குழப்பம் வந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினேன். கிரேக்கத்தில் குளோரோஸ் என்றால் மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. ஃபில்லோன் என்றால் இலை. இலைப்பச்சை, அவ்வளவுதான். ஹம்ப்ரி டேவி 1810இல் குளோரின் வாயுவுக்குப் பேர் வைத்ததும் அதன் நிறத்தைப் பார்த்துத்தான்.

அப்புறம் இந்த மாதிரி வேர்ச்சொற்களுக்கென்றே ஒரு நோட்டுப் போட்டேன். மாநகரப் பேருந்தில் நின்றபடியே தினம் ஐந்து சொல். விலங்குலகத்தில் தொடங்குங்கள், அங்கேதான் அறுவடை அதிகம். ஆர்த்ரோன் மூட்டு, போடோஸ் காலுடைய. ஆர்த்ரோபோடா, நம் புத்தகத்தில் கணுக்காலி. எகினோஸ் முள்ளெலி, டெர்மா தோல், எகினோடெர்மேட்டா, முட்தோலி. கெஃபலே தலை, செஃபலோபோடா, தலைக்காலி. ஃபோட்டோசிந்தசிஸ் என்பதும் ஒளி, சேர்த்துவைத்தல், அப்படியே ஒளிச்சேர்க்கை. கிரேக்கத்தைப் பாதி நான் பள்ளியிலேயே படித்து முடித்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை! தமிழ் மீடியம் பிள்ளைகளே, பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

என்னை ரொம்பப் படுத்தியது காண்ட்ரோஸ். அதற்குக் குருணை என்றும் பொருள், குருத்தெலும்பு என்றும் பொருள். காண்ட்ரிக்தியஸ் என்றால் சுறா மாதிரியான குருத்தெலும்பு மீன்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் அதே வேர் குருணையாகிவிடுகிறது, மைட்டோஸ் நூல். 1898இல் கார்ல் பெண்டா வைத்த பேர். செல்லுக்குள் நூலும் குருணையுமாகத் தெரிந்ததாம். செல் பிரிவதைச் சொல்லும் மைட்டாசிஸிலும் அதே நூல்தான்.

ஆனால் வேரை மட்டும் நம்பி விடை குறிக்காதீர்கள். ஆக்சிஜன் என்றால் அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று அந்தப் பேரை வைத்த வேதியியலாளர் லவாய்சியே நினைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் ஏது? பேர் வைத்தவர் எண்ணியதைத்தான் வேர் சொல்லும். பொருளின் இயல்புக்குப் பாடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நெஃப்ரான் கிரேக்கம், ரீனல் லத்தீன். இரண்டும் சிறுநீரகத்தைச் சொல்பவை. லத்தீன் வேர்களை நான் சிவப்புப் பேனாவில் எழுதினேன். ஒரே நிறத்தில் எழுதிய முதல் இருபது பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதவேண்டி வந்தது.