சித்ராவில் இறங்கினால் சித்திரம்

கோவைக்கு ஓவியக் கண்காட்சி பார்க்கக் காரில் வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, மேம்பாலத்தில் ஏறிவிடுவது. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம். அசந்தால் பீளமேடே கண்ணில் படாது. கண்காட்சிகள் நடக்கும் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருப்பது கீழே, அவிநாசி சாலையில், விமான நிலையப் பக்கம். பஸ்ஸில் வந்தால் காந்திபுரத்தில் ஏறும்போதே "சித்ரா நிக்குமுங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

சித்ரா என்பது ஆள் பெயரல்ல. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கம் (SITRA) ஊர் வாயில் அப்படியாகி, நிறுத்தத்துக்கும் பெயராகிவிட்டது. அதன் முதல் இயக்குநர்தான் கஸ்தூரி சீனிவாசன். ஜவுளி ஆராய்ச்சிக்காரர் பெயரில் உள்ள இடம் என்பதால் ஓவியக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் இங்கே ஒன்றாக இருக்கின்றன. ஜவுளிப் பகுதியை முதலில் பாருங்கள். நூலையும் நெசவையும் இருபது நிமிடம் பார்த்த கண், அப்புறம் கேன்வாஸைத் துணியாகவும் பார்க்கும். பூச்சு எங்கே இழைக்குள் இறங்கியிருக்கிறது, எங்கே மேலே ஏடாக நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

சின்னக் கண்காட்சிகள் பெரும்பாலும் சில நாட்கள்தான். திறப்பு விழா மாலை கூட்டத்துக்கு, படத்துக்கல்ல. கடைசி நாள் மதியத்துக்கு மேல் போனால் பாதிச் சுவர் காலியாக இருக்கலாம். வார நாள் காலைதான் சரி. வரைந்தவரே ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "ஏனுங்க, இது கையில வரைஞ்சதுங்களா, பிரிண்டுங்களா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கேட்கக் கூச்சமாக இருந்தால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். டிஜிட்டல் பிரிண்டில் பெரும்பாலும் நிறம் பொடிப் புள்ளிகளாகச் சிதறும். செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுத்த எச்சிங் என்றால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம் தெரியும். ஓரத்தில் பென்சிலில் 7/25 என்று இருந்தால், மொத்தம் எடுத்த 25 படிகளில் இது ஏழாவது. இருபத்தைந்து படி எடுத்ததற்கும் ஐந்நூறு படி எடுத்ததற்கும் விலை ஒன்றாக இருக்க முடியாது, அதைத் தயங்காமல் பேசுங்கள். மலிவான எல்இடி வெளிச்சத்தில் சிவப்பு செத்துப்போகும். வாங்குவதாக முடிவானால் சன்னலோரம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.

ஆண்டுதோறும் நடக்கும் ஊர்க் கொண்டாட்டமான கோயம்புத்தூர் விழா சமயத்தில் ரேஸ் கோர்ஸ் பக்கம் நடக்கும் கலைத் தெரு வேறு மாதிரி: நடைபாதையில் படம், சந்தைச் சத்தம். நின்று பார்க்க முடியாது. பேரம் பேசலாம்.

வடிவமைப்பில் ஆசை இருப்பவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு பவானி போய்விடுவது நல்லது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற ஜமக்காளம், தடித்த பருத்தி நூலில் பட்டை பட்டையாக. நிறப் பட்டைகளை எந்த அகலத்தில் வைப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எந்தக் காலரியிலும் இல்லை.

வாங்கிய படத்தை வீடு சேர்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சட்டமில்லாத கேன்வாஸை வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்பக்கம் வைத்தால் பூச்சு நெருக்கப்பட்டு மடிப்பு விழும், விரித்தாலும் போகாது. 4 அங்குல பிவிசி குழாய் குறைந்த அளவு, அகலம் கூடினால் இன்னும் நல்லது. தடிப்பாக அப்பிய படத்தைச் சுருட்டவே கூடாது. அக்ரிலிக் வண்ணத்தின் மேல் நேராக பபிள் ரேப் சுற்றினால் சித்திரை வெயிலில் இளகி, குமிழ் அச்சு அப்படியே பதிந்துவிடும். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். பஸ்ஸில் கண்டக்டர் அன்போடு டிரைவர் பக்கத்து என்ஜின் மேட்டைக் காட்டுவார். அந்தச் சூடு படத்துக்கு ஆகாது, வேண்டாமுங்க என்று சொல்லி மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.