ஃபோகஸ் போனால் வேலை முடிந்ததா?

டெக்ஸ்ட்பாக்ஸை (திரையில் விவரம் அடிக்கும் கட்டத்தை) விட்டு கர்சர் நகர்ந்துவிட்டால், அதாவது ஃபோகஸ் போய்விட்டால், அந்தக் கட்டத்தில் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட கோடை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஃபோகஸ் போனதும் புரோகிராமுக்கு வரும் அறிவிப்பான லாஸ்ட்ஃபோகஸ் ஈவென்டிலேயே சரிபார்ப்பு, தப்பு என்றால் மெசேஜ் பாக்ஸ், உடனே கர்சரைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடுவது. எழுதியவர் மேசையில் இது ஒழுங்காகத்தான் ஓடும்.

ஒரு மளிகை மொத்தக் கடையில், என்ட்ரி போடும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண் கொள்முதல் பில்லில், வலது கை நம்பர் பேடில். திரையைப் பார்ப்பதே அபூர்வம். அளவில் ஒரு எண் தவறியதும் மெசேஜ் பாக்ஸ் வந்தது. அவர் அடித்த அடுத்த என்டரிலேயே மூடிக்கொண்டது. கர்சர் அளவுக்கே திரும்பியிருக்க, விலை போய் அளவுக் கட்டத்தில் விழுந்தது. "தம்பி, தப்புன்னா செவப்பாக் காட்டிட்டுப் போங்க, கடைசியில பாத்துத் திருத்திக்கிறேன். நடுவுல மறிக்காதீங்க" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம்.

மைக்ரோசாஃப்டின் .நெட்டில் திரைகள் அமைக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில், கால்குலேட்டரைப் பார்க்க ஆல்ட்-டேப் அடித்தாலே லாஸ்ட்ஃபோகஸ் வந்துவிடும்; கட்டத்தை விட்டு வெளியேறுவதைச் சொல்லும் லீவ், சரிபார்ப்புக்கென்றே உள்ள வேலிடேட்டிங் ஆகிய ஈவென்ட்கள் இரண்டும் வராது. டேப் கீயில் நகர்ந்தால் லாஸ்ட்ஃபோகஸ் கடைசியில் வரும், மவுஸில் நகர்ந்தால் லீவுக்கும் முன்னாலேயே வந்து நிற்கும். இந்த ஈவென்ட்களுக்குள்ளிருந்து ஃபோகஸை மாற்றினால் புரோகிராம் உறைந்துபோகலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே எச்சரிக்கிறது. பழைய விஷுவல் பேசிக்கில், லாஸ்ட்ஃபோகஸில் இப்படிச் சரிபார்க்கும் இரண்டு டெக்ஸ்ட்பாக்ஸ்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கர்சரைப் பறித்துக்கொண்டே இருக்கும். 1998-இல் வந்த ஆறாம் பதிப்பில், ஃபோகஸ் போகும் முன்பே சரிபார்க்க உதவும் வேலிடேட் ஈவென்ட் சேர்ந்த பிறகுதான் அதற்கு விமோசனம். ஜாவாவில் திரைகள் அமைக்கும் ஸ்விங்கில், ஃபோகஸ் தற்காலிகமாகத்தான் போகிறதா என்று ஈவென்டையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நேர்மாறான சிக்கலும் உண்டு, எனக்கு அதுதான் அதிகக் கவலை. விண்டோஸ் ஃபார்ம்ஸின் டூல்ஸ்டிரிப்பில் (பட்டன்கள் வரிசையாக இருக்கும் பட்டையில்) இருக்கும் 'சேமி' பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் டெக்ஸ்ட்பாக்ஸை விட்டுப் போகவே போகாது. வேலிடேட்டிங்கும் வராது, கட்டத்தையும் டேட்டாவையும் இணைக்கும் டேட்டா பைண்டிங் கடைசியாக அடித்த மதிப்பை எடுத்துக்கொள்ளாது. திரையில் புது விலை, டேட்டாபேஸில் பழைய விலை. எர்ரர் எதுவும் வராததால் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியவரும்.

இப்போது எங்கள் ஃபார்ம்களில் ஆட்டோவேலிடேட் என்ற அமைப்பை, தப்பு இருந்தாலும் ஃபோகஸ் மாற்றத்தை அனுமதிக்கும்படி வைத்திருக்கிறோம். தப்பான கட்டத்தின் பக்கத்தில் தப்பைச் சுட்டிக்காட்டும் எர்ரர்புரொவைடரின் சிவப்புக் குறி வரும், கர்சர் தன் வழியில் போகும். சேமிக்கும்போது நாங்கள் அழைக்கும் வேலிடேட்சில்ட்ரன் மெத்தட் எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை சரிபார்க்கிறது, கடைசி மதிப்பும் அதிலேயே உள்ளே போய்விடுகிறது.

பொருள் குறியீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. விலையும் ஜிஎஸ்டி விகிதமும் அதிலிருந்தே வருவதால் கர்சரை அங்கே நிறுத்தித்தான் ஆக வேண்டும். அங்கேயும் மெசேஜ் பாக்ஸ் கிடையாது. நிமிர்ந்து பார்க்க ஒரு பீப் ஒலி. தப்பான குறியீடு முழுவதும் செலக்ட் ஆகி நிற்பதால் அழிக்காமலே அதன் மேல் அடித்துவிடலாம்.