துணிப்பை எடுத்தாச்சு, சரி, எதுல போறீங்க?

ஊர் சுத்தக் கிளம்புறவங்க பையைத் திறந்து பார்த்தா இப்பல்லாம் ஸ்டீல் பாட்டில், துணிப்பை, மூங்கில் பிரஷ் எல்லாம் இருக்கு, பார்க்கவே சந்தோஷமா இருக்கு, நானும் எடுத்துட்டுத்தான் போறேன். ஆனா இதுக்கெல்லாம் இவ்ளோ மெனக்கெடுற நாம, எவ்ளோ தூரம் போறோம், எதுல போறோம், வருஷத்துக்கு எத்தனை தடவை போறோம்ங்கற மூணையும் பெருசா யோசிக்காமலே முடிவு பண்ணிடுறோம்னு எனக்குப் படுது. ஒரு பயணத்தோட கார்பன் கணக்குல, அதாவது பூமியைச் சூடாக்குற புகை எவ்ளோ வருதுங்கற கணக்குல, பெரும்பங்கு அந்த மூணுலதான் இருக்கு.

பிரிட்டன் அரசாங்கம் வருஷா வருஷம் ஒரு கணக்கு வெளியிடுறாங்க, எந்த வண்டியில போனா ஒரு ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு எவ்ளோ கார்பன் வருதுன்னு. 2022 கணக்குப்படி உள்நாட்டு ஃப்ளைட் கிட்டத்தட்ட 250 கிராம், பெட்ரோல் கார்ல தனி ஆளா போனா 170 கிராம், ரயில்னா 35 கிராம். நாட்டுக்கு நாடு இது மாறும், ரயில் டீசல்ல ஓடுதா கரண்ட்லயா, அந்த கரண்ட் நிலக்கரியில வருதா காத்தாலையில வருதாங்கறதைப் பொறுத்து, ஆனா வரிசை பெரும்பாலும் இதேதான். 1,000 கிலோமீட்டர் போறோம்னு வைங்க, ஃப்ளைட்டுக்கும் ரயிலுக்கும் நடுவுல 200 கிலோவுக்கு மேல வித்தியாசம் வருது, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் தவிர்த்தா மிச்சமாகுறது கிராம்ல. அதுக்காக பாட்டிலை வாங்கித் தூக்கிப் போடுங்கன்னு அர்த்தம் இல்லைங்க, பிளாஸ்டிக் ஆத்துலயும் கடல்லயும் போய்ச் சேர்றது தனியா ஒரு பெரிய பிரச்சனை, அதுக்கு ஸ்டீல் பாட்டில் நல்ல பதில். சூடாகுற பூமிக்கு அது பதில் இல்ல, அவ்ளோதான்.

துணிப்பை விஷயத்துலயும் ஒண்ணு சொல்லணும். 2018ல டென்மார்க் சுற்றுச்சூழல் துறை ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல சாதாரண பருத்திப் பையை காலநிலை கணக்குக்கு மட்டும் பார்த்தா 50 தடவைக்கு மேல பயன்படுத்தினாத்தான் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும், தண்ணி, ஓசோன்னு எல்லாப் பாதிப்பையும் சேர்த்தா 7,100 தடவைன்னு வந்துச்சு. பருத்தி விளைவிக்க அவ்ளோ தண்ணி, உரம் எல்லாம் போகுது. அதனால ஒவ்வொரு பயணத்துக்கும் 'இயற்கைக்கு உகந்தது'ன்னு அச்சடிச்ச புதுப் பையா வாங்குறதை விட, வீட்டுல ஏற்கனவே கிடக்கிற பையை, அது எதுல செஞ்சதா இருந்தாலும் சரி, கிழியிற வரைக்கும் தூக்கிட்டுப் போறது எவ்வளவோ மேல்.

காரைப் பத்தி பேசினா எல்லாரும் கார்னாலே தப்புன்னு முடிச்சிடுறாங்க, அது எனக்கு சரியாப் படல. அந்த 170 கிராம் வண்டிக்கு, ஆளுக்கு இல்ல. நாலு பேர் உட்கார்ந்து போனா ஆளுக்கு நாப்பது கிராம் சொச்சம்தான் வரும், ரயிலுக்குப் பக்கத்துல வந்துடுது. காலியா ஓடுற மூணு சீட்டுதான் அங்க பிரச்சனை. ஃப்ளைட்ல இந்த வழி கிடையாது, ஏன்னா அந்தக் கணக்கே சீட்டு பெரும்பாலும் நிரம்பி இருக்குன்னு வச்சுப் போட்டதுதான், குடும்பமே சேர்ந்து போனா குடும்பத்துல எத்தனை பேரோ அத்தனை மடங்கு. அதுலயும் பிசினஸ் கிளாஸ்னா சீட்டு பிடிக்கிற இடம் ஜாஸ்தி, நீண்ட தூர ஃப்ளைட்ல எகானமி மாதிரி கிட்டத்தட்ட மூணு மடங்கு ஒரு ஆள் தலையில ஏறுது. குட்டி தூர ஃப்ளைட்ல கிலோமீட்டர் கணக்கு இன்னும் மோசமா இருக்கும், ஏன்னா மேல ஏர்றதுக்குத்தான் எரிபொருள் நிறைய குடிக்கும், ஏறி முடிச்ச கொஞ்ச நேரத்துலயே இறங்க ஆரம்பிச்சிடும்.

நிறைய பேருக்குத் தெரியாத இன்னொண்ணு, விமானம் வானத்துல வெள்ளைக் கோடு போட்டுட்டுப் போகுமே, அதுவும் பூமியை சூடாக்குது. பகல்ல அந்தக் கோடு கொஞ்சம் வெயிலைத் திருப்பி அனுப்பும், கீழ இருந்து வர்ற சூட்டையும் பிடிச்சு வைக்கும், ராத்திரியில திருப்பி அனுப்ப வெயிலே இல்லாததால சூட்டைப் பிடிச்சு வைக்கிற வேலை மட்டும்தான் நடக்கும். அதனால ஃப்ளைட்லதான் போயாகணும்னா பகல் ஃப்ளைட்டா எடுக்கலாம், மேல ஏறத்தான் எரிபொருள் நிறைய போகுதுங்கறதால நடுவுல இறங்கி மாறாம நேராப் போற ஃப்ளைட்டா எடுக்கலாம்.

சரி, அப்ப எல்லாரும் ரயில்ல போயிடலாமேன்னா, அங்கதான் உண்மையான சிக்கல். நேரம். ஃப்ளைட்ல ரெண்டு மணி நேரத்துல போற ஊருக்கு ரயில்ல ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும், லீவே ஒரு வாரம்தான் கிடைக்கும்னா அதுல போக வர ரெண்டு மூணு நாள் போயிடும், நிதானமா பயணம் பண்ணுங்கன்னு அறிவுரை சொல்றது லீவ் கையில இருக்கிறவங்களுக்கு ரொம்ப சுலபம். இதுல தனி ஆளை மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்லன்னு நான் உறுதியா நம்புறேன். பிரான்ஸ்ல 2023ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, ரெண்டரை மணி நேரத்துக்குள்ள ரயில்ல போக முடியிற ஊருக்கு உள்நாட்டு ஃப்ளைட் கூடாதுன்னு. பாரிஸ் ஓர்லி ஏர்போர்ட்லேர்ந்து போர்தோ, நாந்த், லியோன்னு மூணு ஊருக்குத்தான் அது பொருந்துச்சு, ரொம்பக் கம்மின்னு சொன்னவங்க நிறைய பேர், ஆனா வேகமான ரயிலைக் கையில குடுத்துட்டு அப்புறமா ஃப்ளைட்டை நிறுத்தினாங்க பாருங்க, அந்த வரிசை எனக்குப் பிடிச்சிருக்கு. பிரிட்டன்லயும் சில கம்பெனிங்க ஃப்ளைட்டை விட்டுட்டு ரயில்ல போற ஊழியருக்கு பயண நாளுக்குன்னு தனியா சம்பளத்தோட லீவ் குடுக்கிறாங்க. இந்த மாதிரி ஒண்ணு நம்ம ஆஃபீஸ்லயும் கேட்டுப் பார்க்கலாம்ல?

அப்புறம் யார் எவ்ளோ பறக்குறாங்கங்கறதும் முக்கியம். 2018ல உலகத்துல ஃப்ளைட்ல போனவங்க மொத்த ஜனத்தொகையில 11 சதவீதத்தைத் தாண்டலன்னும், பயணிகள் விமானத்தால வர்ற கார்பன்ல பாதிக்குக் காரணம் வெறும் ஒரு சதவீத மக்கள்னும் 2020ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. வாரா வாரம் மீட்டிங்குக்குப் பறக்குறவங்களையும், ரொம்ப வருஷம் கழிச்சு அப்பா அம்மாவைப் பார்க்க கண்டம் தாண்டி வர்றவங்களையும் ஒரே தட்டுல வைக்கிறது நியாயமே இல்ல.

ஃப்ளைட்டால வர்ற கார்பனை மரம் நட்டு ஈடு கட்டிடலாம்னு டிக்கெட் போடுறப்ப ஒரு டிக் பாக்ஸ் வரும். எனக்கு அதுல நம்பிக்கை கம்மி. கார்பன் இன்னைக்கே மேல போயிடுது, மரம் அதை உறிஞ்ச பல வருஷம் ஆகும், நடுவுல காட்டுத்தீ வரலாம், யாராவது வெட்டலாம். ஈடு கட்டுறதை மட்டும் வச்சு ஒரு பொருளை 'கார்பன் இல்லாதது'ன்னு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு ஐரோப்பிய யூனியனே 2024ல சட்டம் போட்டுருக்கு, 2026 செப்டம்பர்லேர்ந்து அமலுக்கு வருது. மரம் நடணும்னா நடுங்க, ரொம்ப நல்லது, டிக்கெட்டோட முடிச்சுப் போடாம நடுங்க.

அதுக்காக யாரும் எங்கயும் போகாம இருக்கிறதும் வழி இல்ல. சுற்றுலாவை நம்பியே அடுப்பு எரியிற ஊருங்க எத்தனையோ இருக்கு. தாய்லாந்துல மாயா பேன்னு ஒரு கடற்கரை, கூட்டம் தாங்காம பவளப்பாறையெல்லாம் நாசமாகி 2018ல மூடிட்டு 2022லதான் திறந்தாங்க, இப்ப ஆள் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருக்கு, படகு உள்ள வரக் கூடாது. கூட்டமாப் போய் ஒரு மணி நேரத்துல போட்டோ எடுத்துட்டுத் திரும்புறவங்களை விட, கம்மியான தடவை போய் ஒவ்வொரு தடவையும் நிறைய நாள் தங்குறவங்களால அந்த ஊருக்கும் காசு சேரும், கார்பனும் குறையும். ரெண்டு பக்கமும் ஒத்து வர்ற வழி எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்.

அடுத்து அம்மாவை ஒரு தூரமான ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும். அவங்களுக்கு முட்டி வலி, ஒரு நாள் முழுக்க ரயில்ல உட்கார முடியாது, அதனால ஃப்ளைட்தான்னு முடிவு பண்ணியாச்சு, இதுல எனக்கு உறுத்தல் எதுவும் இல்ல. பகல் ஃப்ளைட், நேராப் போறது, அந்தப் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்க எல்லாரையும் இதுலயே பார்த்துட்டு வர்ற மாதிரி கூடுதல் நாள் தங்குறோம். அந்த வருஷம் நான் வேற எதுக்கும் பறக்கப் போறதில்ல, வெளியூர் மீட்டிங்கையெல்லாம் வீடியோ கால்ல வச்சுக்கலாம்னு மேனேஜர்கிட்ட சொன்னேன், ஒண்ணைத் தவிர மத்ததுக்கெல்லாம் சரின்னுட்டார். அந்த ஒண்ணுக்கு ரயில்ல போக வர கூடுதலா நாள் கேட்டு மெயில் போட்டிருக்கேன்.